ஐந்து நிமிட ஆட்டமும் அதற்குப் பின்வரும் பத்து நிமிடமும்

சதுரங்கம் ஆறுதலாக ஆடவேண்டிய ஆட்டம் என்பது நம் பெரியவர்களின் எண்ணம். விறாந்தையில் பாயை விரித்துப் பலகையை நடுவில் வைத்து, ஒரு காயைத் தொடுவதற்கு முன் ஒரு வாய் வெற்றிலையை மென்று முடிக்கும் ஆட்டம் அது. இக்காலத்து இளைஞனோ கைத்தொலைபேசியைக் கையில் எடுக்கின்றான். உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கின்ற முகந்தெரியாத ஒருவனுடன் ஆளுக்கு மூன்று நிமிடம் அல்லது ஐந்து நிமிடம் என்று கணக்கு வைத்து ஆடுகின்றான். முடிந்த கையோடு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குகின்றான். இராச் சாப்பாட்டுக்குத் தாயார் அழைப்பதற்குள் பத்துப் பதினைந்து ஆட்டங்கள் முடிந்துவிடுகின்றன.

இந்த வேகச் சதுரங்கத்தைப் பற்றி இப்பகுதிக்கு வருகின்ற வினாக்கள் இரு வகையின. "ஆயிரக்கணக்கில் ஆடிவிட்டேன். ஆயினும் என் புள்ளி சென்ற வருடம் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. ஏன்?" என்பது பிள்ளைகளின் வினா. "இந்த ஆட்டத்தால் ஏதேனும் பிரயோசனம் உண்டா, அல்லது இதுவும் பொழுதைத் தின்னும் பூதந்தானா?" என்பது பெற்றாரின் வினா. இரண்டும் வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும் இரண்டுக்கும் விடை ஒன்றே. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை என்ன செய்கின்றான் என்பதில் அந்த விடை இருக்கின்றது.

முதலில் அந்தப் புள்ளியைப் பற்றிச் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஆர்பாட் ஈலோ என்பவர் வகுத்த கணக்கு முறையைச் சர்வதேச சதுரங்க சம்மேளனம் 1970 இல் ஏற்றுக்கொண்டது. இன்று இணையத் தளங்கள் கையாளுவது, மார்க் கிளிக்மன் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபர அறிஞர் அதன் வழியில் நின்று வகுத்த முறை. கணக்கின் நுணுக்கம் நமக்கு வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அறிந்தாற் போதும். ஒருவர் மற்றவரிலும் 100 புள்ளி கூடியவராயின், நூறு ஆட்டங்களில் அவர் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 64. 200 புள்ளி கூடியவராயின் 76. அதாவது உண்மையிலேயே கெட்டிக்காரனான ஒருவன்கூடத் தன்னிலும் தாழ்ந்தவனிடம் அடிக்கடி தோற்றே தீருவான். ஆகவே ஒரு மாலைப்பொழுதில் 50 புள்ளி ஏறியதென்று துள்ளுவதற்கும் இடமில்லை; 50 புள்ளி இறங்கியதென்று உண்ணாமற் படுப்பதற்கும் இடமில்லை.

இன்னுமொன்று உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. இணையத் தளம் உங்கள் எதிரே கொண்டுவந்து இருத்துவது எப்பொழுதும் உங்கள் புள்ளியை ஒத்த ஒருவரையே. நீங்கள் முன்னேறினால் எதிராளியும் பலமானவராக வருவார். பின்னடைந்தால் அவரும் பலவீனராக வருவார். எவ்வாறாயினும் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் வெல்வீர்கள், பாதியில் தோற்பீர்கள். வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்துகொண்டிருப்பதால் ஏதோ நடக்கின்றது என்ற மயக்கம் மனத்தில் உண்டாகின்றது. உண்மையில் ஒன்றும் நடவாமலே ஒரு வருடம் கழிந்துவிடலாம். ஊஞ்சலில் இருப்பவனுக்கும் காற்று முகத்தில் அடிக்கத்தான் செய்கின்றது; அவன் ஊர் போய்ச் சேருவதில்லை.

அப்படியானால் வேகம் எங்கிருந்து வருகின்றது? மூன்று நிமிட ஆட்டத்தில் நாற்பது நகர்வுகள் ஆடுவதென்றால் ஒரு நகர்வுக்குக் கிடைப்பது நாலரை விநாடி. நாலரை விநாடியில் எவரும் ஆழ்ந்து சிந்திக்க இயலாது. முன்னர் கண்டதை மீண்டும் கண்டுகொள்ளுதல் ஒன்றே இயலும்.

இதனை அமெரிக்க உளவியலாளர்களாகிய சேஸ், சைமன் என்னும் இருவர் 1973 இல் வெளியிட்ட ஆராய்ச்சி அழகாக எடுத்துக்காட்டியது. மெய்யான ஓர் ஆட்டத்தின் நடுவிலே காய்கள் நிற்கும் நிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டி மறைத்துவிட்டு, வேறொரு பலகையில் அவ்வாறே அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பதினாறு காய்கள் வரை சரியாக வைத்தார். புதிதாய்ப் பழகுபவர் நாலு காய்களையே வைத்தார். பின்னர் அதே காய்களை ஒழுங்கில்லாமல், கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினார்கள். அப்பொழுது தேர்ந்தவரின் பெருமையெல்லாம் போய்விட்டது; அவரும் மற்றவரைப் போலவே தடுமாறினார். இருவரின் ஞாபகசக்தியும் ஒன்றே. தேர்ந்தவரின் மனத்தில் ஆயிரக்கணக்கான காட்சிகள் முன்னரே பதிந்துகிடக்கின்றன என்பதே வேற்றுமை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனுக்கும் ஒரே பார்வையில் வரியைப் படிக்கும் பெரியவருக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

2004 இல் புரூஸ் பேர்ன்ஸ் என்பவர் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியும் இதற்கு ஒத்துப்போகின்றது. வழக்கமான நேரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கிலும் குறைந்த நேரத்தில் ஒருவர் எப்படி ஆடுகின்றார் என்பதை மட்டும் கொண்டே, ஆட்டக்காரரிடையே காணப்படும் திறமை வேறுபாட்டில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை விளக்கிவிடலாம் என்று அவர் கண்டார். ஆறுதலாக ஆடும்போது நல்லவரே அவசரமாக ஆடும்போதும் நல்லவர் என்பது இதன் பொருள். வேகம் தனியானதொரு வித்தையாயின் இவ்வாறு அமையாது. ஆறுதலாக இருந்து சேமித்த முதலையே அவசரத்திற் செலவிடுகின்றோம். சேமிக்காமற் செலவிடுபவனின் கதி என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை.

விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்திலே வேக ஆட்டங்களை ஆடியே வளர்ந்தார் என்று சிலர் எதிர்வாதம் செய்யக்கூடும். உண்மைதான். வென்றவர் இருக்க, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும் என்பது அங்கே வழக்கம். மின்னல் வேகச் சிறுவன் என்று அவர் பேர் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணமே. ஆனால் அங்கே எழுந்து நின்றவன் மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு தன் முறை வரும்வரை காத்திருந்தான். அந்த இடைவெளியில் மனம் வேலை செய்தது. கைத்தொலைபேசியில் அந்த இடைவெளி இல்லை, "மீண்டும் ஆடுவோமா?" என்ற பொத்தான் கண்முன்னே வந்து நிற்கின்றது. அதை அழுத்தாமல் விடுவதே முதற் பயிற்சி.

1970 ஆம் வருடம் ஏப்ரல் மாதத்தில், அப்போதைய யூகோஸ்லாவியாவிலே, இன்று மொண்டினீக்ரோ நாட்டில் உள்ள ஹெர்சக் நோவி என்னும் கடற்கரைப் பட்டினத்தில், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்ற விதியில் ஒரு போட்டி நிகழ்ந்தது. தால், பெட்ரோசியன், சிமிஸ்லோவ், கோர்ச்னோய், புரொன்ஸ்டைன் முதலிய பெருவீரர்கள் வந்திருந்தார்கள். அமெரிக்கரான பொபி பிஷர் 22 ஆட்டங்களில் 19 புள்ளி எடுத்து முதலிடம் பெற்றார். இரண்டாம் இடம் பெற்ற தால் எடுத்தது பதினாலரை. ஆனால் போட்டி முடிந்ததும் நடந்ததையே அங்கிருந்தவர்கள் கூடுதலாக வியந்தார்கள். தாம் ஆடிய 22 ஆட்டங்களையும் பிஷர் நகர்வுக்கு நகர்வு வாயாற் சொன்னாராம். ஐந்து நிமிட ஆட்டம் அவருக்கு ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும் ஆட்டமாக இருக்கவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர், சற்றுமுன் முடிந்த ஆட்டத்தில் எவ்விடத்திற் பிழைத்தோம் என்று சொல்லக்கூடியவர்கள்?

பிஷரின் ஞாபகம் நமக்கு வேண்டியதில்லை. அவர் மனத்தில் இருந்தது இன்று எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. தளங்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் பதிந்து வைக்கின்றன; ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை விநாடி சென்றது என்பதையும் வைத்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் ஒருவர் 2010 இல் தொடக்கிய லீசெஸ் என்னும் தளம் விளம்பரமோ கட்டணமோ இன்றி இவை யாவற்றையும் தருகின்றது. குறைவது கருவியன்று, பத்து நிமிடப் பொறுமையே.

அந்தப் பத்து நிமிடத்தை எப்படிச் செலவிடுவது? ஆட்டம் முடிந்தவுடன் கணினியின் தீர்ப்பைக் கேளாதீர்கள். "ஸ்ரொக்பிஷ்" என்னும் இயந்திரம் உலகச் சாம்பியனையும் எளிதில் வெல்லும்; அது ஒரு கணத்தில் உங்கள் பிழைகளையெல்லாம் சிவப்புப் புள்ளி போட்டுக் காட்டிவிடும். ஆசிரியர் விடையைக் கரும்பலகையில் எழுதியபின் "இது எனக்குத் தெரியுமே" என்று தலையாட்டும் மாணாக்கனின் நிலைதான் அப்பொழுது உண்டாகும். முதலில் நீங்களே ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து நகர்த்திப் பாருங்கள். எதிராளியின் எந்த நகர்வு உங்களைத் திடுக்கிடச் செய்தது? அங்கே நில்லுங்கள். அதற்கு முந்திய உங்கள் நகர்வின்போது மனத்தில் என்ன இருந்தது? பெரும்பாலும் உங்கள் சொந்தத் தாக்குதலைப் பற்றிய ஆசை ஒன்றே இருந்திருக்கும்; எதிராளிக்கும் இரண்டு கைகள் உண்டு என்ற நினைவே இருந்திராது.

அடுத்து மணிக்கூட்டைப் பாருங்கள். தோல்வி பலகையில் வந்ததா, மணிக்கூட்டில் வந்ததா? இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள்; மருந்தும் வேறு. கடைசிப் பத்து விநாடியில் அரசியை வெட்டக் கொடுத்தவன், "அவசரத்தில் நடந்த பிழை" என்று தன்னைத் தேற்றிக்கொள்வான். ஆனால் ஏழாம் நகர்வில், இரண்டு நல்ல நகர்வுகளுள் எது சிறந்தது என்று முப்பது விநாடி நின்றிருப்பான். பிழை பிறந்தது அங்கே. அது வெளியே தெரிந்ததுதான் கடைசியில். இந்தக் கணக்கைத் தளம் பதிந்து வைத்திருக்கின்றது. பார்ப்பவர்தான் இல்லை.

இவ்வளவும் பார்த்தபின் இயந்திரத்தை அழைக்கலாம். அதன் சொல்லையும் அளந்தே எடுக்கவேண்டும். கால் காலாள், அரைக் காலாள் மதிப்புள்ள வேற்றுமைகளை அது ஓயாமற் சுட்டிக்காட்டும். வேக ஆட்டம் பழகுகின்ற நமக்கு அவை வேண்டா. ஒரு காய் முழுதாகப் போனதா, அரசன் அகப்பட்டானா, வென்றிருந்த ஆட்டம் எங்கே கைநழுவியது என்ற மூன்றையும் பார்த்தாற் போதும். வென்ற ஆட்டங்களையும் இவ்வாறே பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் கோட்டையைக் காவலின்றி விட்டதை எதிராளியும் காணாமல் விட்டிருப்பான். அந்த வெற்றி உங்களுக்கு ஒன்றையும் கற்பித்திராது, தீய பழக்கத்தைத்தான் வளர்த்திருக்கும்.

இப்பொழுது ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். தோற்ற ஆட்டம் ஒன்றுக்கு ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம். ஆனால் உங்கள் சொந்தச் சொல்லில் எழுதவேண்டும். "17 ஆம் நகர்வு. அவனுடைய மந்திரி தூரத்திலிருந்து என் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை." "என் அரசனுக்கு முன்னால் மூன்று காலாட்களும் அசையாமல் நின்றன. கடைசி வரிசைக்கு அவன் கோட்டை வந்தது, மூச்சுவிட வழியில்லை." "அரசி வெளியே போயிருந்த வேளையில் அவன் குதிரை உட்புகுந்து அரசனுக்குச் செக் சொல்லி மூலைக் கோட்டையை எடுத்தது." இப்படி இருபது வரி சேர்ந்தபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இருபது விதமான பிழைகள் இருக்குமென்று எதிர்பார்ப்பீர்கள். இருக்கமாட்டா. இரண்டு அல்லது மூன்று பிழைகளே வேறு வேறு உடையில் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதைக் காணும்போது சிறிது வெட்கமாகவும் இருக்கும். மிகுந்த ஆறுதலாகவும் இருக்கும். மூன்று எதிரிகளை அடக்கலாம் அல்லவா?

ரஷ்யரான மிகயில் பொட்வினிக் இவ்வகை விசாரணைக்கெல்லாம் தந்தை போன்றவர். தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியை அச்சிலே வெளியிட்டு, பிழை இருந்தாற் பிறர் எடுத்துக்காட்டட்டும் என்று விடவேண்டுமென அவர் போதித்தார். 1960 இல் இருபத்துமூன்று வயது இளைஞரான தாலிடம் உலகப் பட்டத்தை இழந்தார். ஐம்பதை நெருங்கியவர் இனி எழுந்திரார் என்றே பலரும் எண்ணினார்கள். அவரோ தோற்ற ஆட்டங்களைத் துருவி ஆராய்ந்து, தாம் எங்கே தளர்ந்தார் என்பதையும் தால் எவ்வகை நிலைகளை விரும்பவில்லை என்பதையும் அறிந்து, 1961 இல் 13 க்கு 8 என்ற கணக்கிற் பட்டத்தை மீட்டுக்கொண்டார். இதில் ஒரு வேடிக்கை என்னவெனில், வேகச் சதுரங்கத்தைப் பொட்வினிக் ஒரு பொருட்டாகவே கொள்ளாதவர். அவர் வெறுத்த ஆட்டத்துக்கு அவர் வகுத்த மருந்தே பொருந்துகின்றது.

நோய் தெரிந்தபின் பயிற்சி எளிது. கடைசி வரிசையில் அகப்படுபவன் அவ்வகைப் புதிர்களையே போட்டுப் பழகவேண்டும். குதிரையிடம் அடிபடுபவன் குதிரைப் புதிர்களை. மெய்யான ஆட்டங்களிலிருந்து எடுத்து வகை வகையாகப் பிரித்த புதிர்கள் பல இலட்சம் இணையத்திற் கிடக்கின்றன. இலட்சத்தைக் கண்டு மயங்க வேண்டாம். நூறு அல்லது இருநூறு புதிர்களைத் தெரிந்துகொண்டு, அவற்றையே திரும்பத் திரும்பப் போடுவது மேல். முதன்முறை எவ்வளவு நேரம் சென்றாலும் சரி, விடையை முழுதும் கண்டபின்பே காயைத் தொடவேண்டும். இரண்டாம் முறை வேகம் தானாகக் கூடும். நாலாம் முறை விடை கண்ணில் வந்து விழும். சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஹான்ஸ் திக்கனன் என்பவர் இவ்வாறு ஒரே புதிர்த் தொகுதியைப் பலமுறை போட்டு, 2010 இல் சில வாரங்களுக்குள்ளே கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய மூன்று தகுதிகளையும் பெற்றார். மரங்கொத்தி ஒரே இடத்தில் கொத்துவது போன்றதென்று அம்முறைக்கு மரங்கொத்தி என்றே பேர் வைத்தார்கள். அவரைப் போல எல்லாரும் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கொத்தும் இடம் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன்.

ஆரம்ப நகர்வுகளைப் பற்றிப் பிள்ளைகள் அதிகம் கவலைப்படுகின்றார்கள். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று மூன்று வழிகளை ஓரளவு விளங்கி வைத்திருந்தாற் போதும். அந்த நேரத்தை முடிவாட்டத்துக்குக் கொடுங்கள். தன் அரசன் ஆறாம் வரிசையை அடைந்து, தன் காலாள் அவனுக்கு நேர் பின்னால் நின்றால், ஓரக் காலாளாக இல்லாதவிடத்து, எவருடைய முறையானாலும் வெற்றியே. இதை அறிந்தவன் ஒரு விநாடியில் ஆடுவான். அறியாதவன் இருபது விநாடி விழித்துவிட்டுச் சமன் செய்வான்.

கிழமையில் இரண்டு ஆட்டங்களாவது ஆளுக்குப் பதினைந்து நிமிடமோ கூடவோ வைத்து ஆடவேண்டும். சார்னெஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் போட்டி ஆட்டக்காரர்களைக் கொண்டு செய்து 2005 இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் திறமையை முன்கூட்டிச் சொல்வதற்குத் தனியே இருந்து ஊன்றிப் படித்த மணித்தியாலங்களே எல்லாவற்றிலும் சிறந்த குறி என்று காட்டியது. வேக ஆட்டத்திலும் மூன்று நிமிடம் மட்டும் என்பதைவிட, நகர்வுக்கு இரண்டு விநாடி சேர்த்துத் தரும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மணிக்கூட்டை 1980 களில் வகுத்தவரும் பிஷரே. வென்ற நிலையை வெல்வதற்கு அது இடந்தரும். காய்களை இறைத்து நேரத்தால் வெல்லும் கெட்ட பழக்கத்தை வளர்க்காது.

இனி வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தின் உண்மையான கேடு தோல்வியில் இல்லை. தோல்வியை உடனே துடைத்துவிட வேண்டும் என்ற வெறியில் இருக்கின்றது. இழந்த எட்டுப் புள்ளியை மீட்கத் தொடங்கி, நடுச்சாமத்தில் எண்பதை இழந்து, விடியப் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழும் பிள்ளைகள் உண்டு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இங்கே கண்கூடு. தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுவது என்று ஒரு விதி வீட்டில் இருக்கட்டும். எண்ணுக்காக உயிரைவிடும் பிள்ளைக்கு இன்னொரு சோதனையும் வரும். மறைவில் இயந்திரத்தைக் கேட்டு ஆடுவதே அது. தளங்கள் அதைக் கண்டுபிடித்துக் கணக்கை மூடிவிடுகின்றன. ஆனால் அதற்கு முன்னரே, தான் ஆடாத ஆட்டத்தில் தான் வென்றதாகச் சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு வந்துவிடும்; கணக்கை மூடுவதைவிட அது பெரிய நட்டம்.

ஆகவே மகனிடமோ மகளிடமோ "இன்றைக்கு எத்தனை புள்ளி?" என்று கேளாதீர்கள். கொப்பியைக் கேளுங்கள். அன்றைக்கு எழுதிய வரியைப் பார்த்து, பழைய பலகை வீட்டில் இருந்தால் அந்த நிலையைக் காய்களால் அடுக்கச் சொல்லி, எவ்விடத்தில் எதைக் காணாமல் விட்டதென்று உங்களுக்கு விளங்கும்படி சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. குதிரை எப்படிப் பாயும் என்பதிலிருந்து பிள்ளை தொடங்கவேண்டி வரும்.